கர்ப்ப காலத்தில் தாலேட்: டப்பாவா, சாப்பாடா, சென்ட்டா, எதை முதலில் மாற்றுவது?

வீட்டில் ஒருவர் கருவுற்றிருக்கிறார், அல்லது குழந்தைக்குத் திட்டமிடுகிறார் என்றதும் பிளாஸ்டிக் பயம் வந்துவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் முதலில் குப்பைக்குப் போவது தண்ணீர் பாட்டில். அப்புறம் பருப்பு, உப்பு போட்டு வைத்த டப்பாக்கள். கையில் இருக்கும் பணமும் தெம்பும் அதிலேயே தீர்ந்துபோய், உண்மையில் கவனிக்க வேண்டியவை அப்படியே கிடக்கின்றன. கருவில் உள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்குமோ என்று பேசப்படும் தாலேட் என்ற ஒரு ரசாயனக் குடும்பத்தை மட்டும் மனதில் வைத்து, எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் சாப்பாடு, அதிலும் எண்ணெயும் கொழுப்பும் உள்ளவை, அடுத்தது தொட்டால் வளைந்து கொடுக்கும் பிவிசி பொருட்கள், அதற்கும் பிறகுதான் வாசனைப் பொருட்கள், கடைசியில் டப்பாவும் பாட்டிலும். ஏன் இந்த வரிசை என்பதற்கான காரணம் எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் இருக்கிறது.

தாலேட் என்பது எண்ணெய் போன்ற ஒரு திரவம். பிவிசி இயல்பில் கெட்டியானது, தண்ணீர்க் குழாய் போல. அதில் தாலேட்டைக் கலந்தால் மெத்தென்று வளையும். மருத்துவமனை டியூப், ரெக்சின், தரை விரிப்பு, ஷவர் திரை எல்லாம் அப்படி வந்தவைதான். சலைன் பையின் எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை டிஇஎச்பி என்ற தாலேட்டாகவே இருக்கலாம். இது பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பு எதுவும் இல்லாமல் சும்மா ஊறிக் கிடக்கிறது, அதனால் மெல்ல வெளியே வரும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில் பெட் பிளாஸ்டிக், அதை வளைய வைக்க யாரும் தாலேட் சேர்ப்பதில்லை. சமையலறை டப்பாக்களில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன், அதற்கும் தேவையில்லை. அதனால்தான் இவை இரண்டையும் கடைசியில் வைத்தேன். பிபிஏ போன்ற வேறு ரசாயனங்களுக்காக ஒருவர் டப்பாவை மாற்றலாம், அது தனிக் கணக்கு.

சரி, எலிகளுக்கு வருவோம். இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஆய்வு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் ஏர்ல் கிரே குழுவினர் 2000-ல் வெளியிட்டது, ஏனென்றால் அதுவே ஓர் ஒப்பீடு. சினை எலிகளுக்கு ஆறு வகை பொருட்களை (ஐந்து தாலேட்டும், அவற்றை ஒத்த டிஓடிபியும்), ஒரே அளவில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு முக்கால் கிராம் வீதம், கர்ப்பத்தின் 14-ஆம் நாளிலிருந்து குட்டி பிறந்த மூன்றாம் நாள் வரை கொடுத்தார்கள். தாய் எலிகளுக்கு வெளிப்படையான விஷத்தன்மை எதுவும் தெரியவில்லை, குட்டிகளின் எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் ஆண் குட்டிகளைப் பார்த்தால் டிஇஎச்பி கொடுத்த குழுவில் 82 சதவீதத்துக்கும், பிபிபி கொடுத்த குழுவில் 84 சதவீதத்துக்கும் இனப்பெருக்க உறுப்புகளில் குறைபாடு. டிஐஎன்பி கொடுத்த குழுவில் 7.7 சதவீதம். டிஇபி, டிஎம்பி, டிஓடிபி ஆகிய மூன்றும் அந்த அளவில் ஒன்றும் செய்யவில்லை. டிஇஎச்பி, பிபிபி குழுக்களின் ஆண் குட்டிகளுக்கு மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது, விதைகளின் எடை சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தது.

அந்தத் தூரம் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: ஆண் எலிக்கு அது பெண் எலியைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். கருவில் ஆண் ஹார்மோன் போதுமான அளவு வேலை செய்ததா என்பதற்கு அது ஓர் அளவுகோல். டிஇஎச்பி, பிபிபி, டிபிபி என்ற இன்னொரு தாலேட் போன்றவை கருவின் விதையில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியைக் குறைக்கின்றன, விதை கீழே இறங்க உதவும் இன்னொரு ஹார்மோனையும் குறைக்கின்றன. விளைவாக விதை இறங்காமை, சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழே அமைவது, விந்து முதிரும் குழாய் சரியாக உருவாகாமை, ஆண் குட்டிகளுக்கு முலைக்காம்பு தங்கிவிடுவது எல்லாம் ஒரு கூட்டமாக வருகின்றன.

இந்த ஆய்விலிருந்து நம் வீட்டு முடிவுக்குக் கிடைப்பது ஒரு பெரிய விஷயம். எல்லா தாலேட்டும் ஒன்றல்ல. அளவு ஒன்றாக இருந்தும் ஒன்று பத்தில் எட்டுக் குட்டிகளைப் பாதிக்கிறது, இன்னொன்று யாரையும் பாதிக்கவில்லை. ஆகவே எந்தப் பொருளில் எந்தத் தாலேட் வருகிறது என்று பார்க்காமல் ‘தாலேட் இருக்கிறது’ என்று மட்டும் பயப்படுவது வீண் செலவில் கொண்டுபோய் விடும்.

இன்னொரு விஷயம் நேரம். எலியின் கர்ப்பம் சுமார் 22 நாள். 2005-ல் வந்த ஓர் ஆய்வில் டிபிபியை அடுத்தடுத்த இரண்டே நாட்கள் மட்டும், ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு நாட்களில் கொடுத்துப் பார்த்தார்கள். 16 முதல் 18-ஆம் நாள் வரை உள்ள இடைவெளியில் கொடுத்தபோதுதான் பாதிப்பு அதிகம். அந்த இரண்டு நாள் போதும், குட்டி வளர்ந்து பெரியதான பிறகும் அது மாறவில்லை. மனிதக் கருவில் இதற்கு ஈடான காலம் சுமார் 8 முதல் 14 வாரம் என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2008-ல் கணித்தார்கள். பலர் கர்ப்பத்தை உறுதி செய்து, டாக்டரைப் பார்த்து, வீட்டில் சொல்லி, வாந்தி கொஞ்சம் அடங்கி, ‘இனிமேல் கவனமாக இருக்கலாம்’ என்று நினைக்கும்போது அந்தக் காலத்தில் பாதி போயிருக்கும். அதனால் ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்குப் பிறகு வீட்டை மாற்றுவதைவிட, திட்டமிடும்போதே சாப்பாட்டில் சிறிய மாற்றம் செய்வது எவ்வளவோ மேல். தாலேட் உடலில் தேங்கிக் கிடப்பதும் இல்லை. குடலில் உடைந்து, பெரும்பகுதி ஒன்றிரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். இன்று குறைத்தால் இந்த வாரமே உடலில் குறையும் என்பது எனக்கு இதில் பிடித்த, தெம்பு தரும் செய்தி.

எலிக்கு நடப்பது நமக்கும் நடக்குமா? இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமுறுத்திப் பொருள் விற்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள். எலியில் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. சுண்டெலியில் அதே போலக் குறைவதில்லை. மார்மோசெட் குரங்குகளுக்குக் கர்ப்பத்தில் டிபிபியின் சிதைபொருளை (உடலில் அது உடைந்து உருவாகும் பொருளை) கொடுத்துப் பார்த்தபோது ஆண் குட்டிகளில் அந்தக் கூட்டுக் குறைபாடு வரவில்லை. மனிதக் கருவின் விதைத் திசுவை எலி அல்லது சுண்டெலிக்குள் பதித்து 2012-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் செய்த ஆய்வுகளிலும் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி குறையவில்லை. அப்படியானால் கவலையே இல்லையா என்றால், அதுவும் இல்லை: விந்தாக மாற வேண்டிய ஆதி செல்களில் பல உட்கருக்கள் சேர்ந்துவிடும் கோளாறு எலி, சுண்டெலி, பதித்த மனிதத் திசு மூன்றிலுமே தெரிந்தது. மனிதர்களிடையே அமெரிக்க ஆய்வாளர் ஷானா ஸ்வான் குழுவினர் 2005-ல் 134 ஆண் குழந்தைகளை அளந்து, தாயின் சிறுநீரில் சில தாலேட் சிதைபொருட்கள் அதிகமாக இருந்தால் குழந்தையின் அந்தத் தூரம் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். 2015-ல் வந்த பெரிய ஆய்விலும், முதல் மூன்று மாதத்து டிஇஎச்பி அளவோடு அதே தொடர்பு தெரிந்தது. இது தொடர்பு மட்டுமே, காரணம் இதுதான் என்ற நிரூபணம் அல்ல.

அளவையும் பாருங்கள். எலிக்குக் கொடுத்தது ஒரு கிலோ எடைக்கு 750 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் கணக்கிட்டபடி அங்கே சாப்பாட்டின் வழியே ஒருவருக்கு நான்கு தாலேட்டும் (டிஇஎச்பி, டிபிபி, பிபிபி, டிஐஎன்பி) சேர்ந்து சராசரியாக 0.9 முதல் 7.2 மைக்ரோகிராம், அதுவும் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு. அவர்கள் வைத்த வரம்பு 50 மைக்ரோகிராம். ஆக, சாதாரணமாகச் சாப்பிடும் ஒரு கர்ப்பிணி தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டிய அளவு இல்லை. ஆனாலும் குறைக்கலாம் என்று நான் நினைப்பதற்குக் காரணம், இவை தனித்தனியாக வேலை செய்வதில்லை. ஐந்து தாலேட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தபோது எலிக் கருவில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு அவற்றின் அளவுகளைக் கூட்டினால் எவ்வளவு எதிர்பார்ப்போமோ அவ்வளவு வந்தது, 2008-ல். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வழியில் வருவது ஒரே கணக்கில்தான் சேர்கிறது. குறைப்பதற்குச் செலவே இல்லாத வழிகள் இருக்கும்போது குறைப்பதில் என்ன தடை?

இப்போது வழிகளை ஒப்பிடுவோம்.

டப்பாவை மாற்றுவதா, சாப்பாட்டை மாற்றுவதா? டிஇஎச்பி நமக்கு முக்கியமாக வருவது சாப்பாட்டில்தான், ஆனால் அது பெரும்பாலும் நம் சமையலறைக்கு வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுகிறது: பால் கறக்கும் இயந்திரத்தின் டியூப், ஆலையின் கன்வேயர் பெல்ட், பொட்டலம் போடுபவரின் கையுறை. ஜப்பானில் கடைச் சாப்பாட்டுப் பொட்டலங்களில் டிஇஎச்பி அதிகமாக இருப்பதைக் கண்டு தேடியபோது, சமைப்பவர்கள் போட்டிருந்த பிவிசி கையுறைதான் காரணம் என்று தெரிந்தது. ஆல்கஹால் தெளித்து சுத்தம் செய்யச் செய்ய இன்னும் அதிகமாகக் கசிந்திருக்கிறது. 2000-ல் அந்த நாட்டில் உணவுக்கு அத்தகைய கையுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பால், வெண்ணெய், எண்ணெய் போன்ற கொழுப்புள்ள பொருட்கள்தான் இதை அதிகம் இழுத்துக்கொள்கின்றன. அப்படி வந்த பொருளை வீட்டில் எவர்சில்வர் டப்பாவில் மாற்றி வைப்பதால் உள்ளே இருப்பது போய்விடாது.

சாப்பாட்டை மாற்றினால் குறைகிறதா? அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களில் 20 பேருக்கு மூன்று நாள் புதிதாகச் சமைத்த, பிளாஸ்டிக் படாத உணவு கொடுத்தார்கள். 2011-ல் வந்த முடிவின்படி டிஇஎச்பி சிதைபொருட்கள் சிறுநீரில் 53 முதல் 56 சதவீதம் குறைந்தன. மூன்றே நாளில்! நம்பிக்கையான முடிவு. ஆனால் 2013-ல் சியாட்டிலில் பத்துக் குடும்பங்களோடு இதே போன்ற ஒன்றைச் செய்தவர்களுக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. தாலேட் படாத சாப்பாடு என்று கவனமாகக் கொடுத்த குழுவில் டிஇஎச்பி குறைவதற்குப் பதிலாக இருபது மடங்குக்கும் மேல் ஏறியது. ஒவ்வொரு பொருளாகச் சோதித்தபோது மாட்டிக்கொண்டது மல்லித்தூள். ஒரு கிராமுக்கு 21,400 நானோகிராம் டிஇஎச்பி. பாலிலும் 673 நானோகிராம் இருந்தது. இலவங்கப்பட்டைத் தூளிலும் மிளகாய்த் தூளிலும் 700-க்கு மேல்.

நம் சமையலறையில் மல்லித்தூள் இல்லாத நாள் ஏது? அந்த ஒரு பாக்கெட்டில் இருந்ததால் எல்லா மல்லித்தூளும் அப்படி என்று சொல்ல மாட்டேன், அது அந்தச் சரக்குக்கு நேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் நம் ஊர் வழக்கத்துக்கு இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முழு மல்லி, முழு மிளகாய் வாங்கி வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்தால் தொழிற்சாலையில் பல பெல்ட்டும் பல பையும் கடந்து வரும் தூளைவிடப் பொருள் பட்டுக் கடக்கும் இடங்கள் குறைவு. இதற்குக் கூடுதல் பணமும் ஆகாது. கண்ணாடி டப்பா செட் வாங்கும் விலையில் ஒரு வருஷ மசாலாவையே அரைத்துவிடலாம். ஆகவே டப்பாவுக்கும் சாப்பாட்டுக்கும் இடையே என் ஓட்டு சந்தேகமில்லாமல் சாப்பாட்டுக்கு: பாக்கெட் நொறுக்குகளையும் பார்சல் சாப்பாட்டையும் குறைப்பது, மசாலாவை முழுதாக வாங்குவது, எண்ணெயைக் கண்ணாடியிலோ தகரத்திலோ கிடைத்தால் அதில் வாங்குவது.

கண்ணாடி என்றதும் ஒரு விஷயம். கண்ணாடி பாட்டிலின் உலோக மூடிக்குள் மெத்தென்று ஒரு வளையம் இருக்குமே, அது பெரும்பாலும் பிவிசி. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் அந்த வளையத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் கண்ணாடியால் கிடைத்த பலன் போச்சு. பாட்டிலைச் சாய்த்தோ கவிழ்த்தோ வைக்காமல் நேராக வைத்தால் போதும். அல்லது பழையபடி பீங்கான் ஜாடி.

வாசனைப் பொருட்கள். இங்கேதான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் இணையத்தில் ‘சென்ட்டை விடுங்கள்’ என்பதுதான் முதல் அறிவுரை. சென்ட், பாடி ஸ்பிரே, வாசனை லோஷனில் வாசனையை நிற்க வைப்பதற்குச் சேர்ப்பது முக்கியமாக டிஇபி. குறைத்தால் உடலில் குறையும் என்பதில் சந்தேகமில்லை: கலிஃபோர்னியாவில் 100 டீன்ஏஜ் பெண்கள் மூன்று நாள் மாற்றுப் பொருட்கள் பயன்படுத்தியபோது டிஇபியின் சிதைபொருள் 27 சதவீதம் குறைந்ததாக 2016-ல் வந்தது. ஆனால் கிரேயின் எலிகளை நினைத்துப் பாருங்கள், ஒன்றும் செய்யாத மூன்றில் ஒன்று டிஇபி. அதே நேரம் ஸ்வானின் 2005 ஆய்வில் குறைந்த தூரத்தோடு தொடர்பு தெரிந்தவற்றில் டிஇபியின் சிதைபொருளும் இருந்தது, அதனால் அதற்கு முழு விடுதலை கொடுக்க மாட்டேன். விட்டால் நல்லது, செலவும் மிச்சம். ஆனால் சென்ட்டை மட்டும் விட்டுவிட்டு தினமும் பார்சல் வாங்கிச் சாப்பிடுபவர், எலிகளில் பலமாக வேலை செய்த டிஇஎச்பியைத் தொடவே இல்லை.

பிவிசி தரை விரிப்பு, ரெக்சின், விளையாட்டுப் பொருள். இதைக் கர்ப்ப காலத்தைவிடக் குழந்தை தவழும் காலத்துக்கு முக்கியமாக வைக்கிறேன். தாலேட் தரையிலிருந்து வீட்டுத் தூசியில் சேர்கிறது, குழந்தை கையை வாயில் வைக்கிறது, தன் எடைக்கு நம்மைவிட அதிகமாக உள்ளே வாங்குகிறது. ஸ்வீடனில், படுக்கையறையில் பிவிசி தரை உள்ள கைக்குழந்தைகளின் சிறுநீரில் பிபிபியின் சிதைபொருள் அதிகமாக இருந்தது. பிபிபி எலிகளில் டிஇஎச்பிக்குச் சமமான ஆள் என்பதை மேலே பார்த்தோம். நம் வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ், மொசைக், சிவப்பு சிமெண்டுத் தரை என்பதால் நாம் இதில் ஏற்கெனவே பாதி தப்பித்தவர்கள். வாடகை வீட்டில் ஒட்டியிருக்கும் வினைல் விரிப்பை உரித்தெடுக்கவா முடியும்? குழந்தை படுக்கும் இடத்தில் பாய் அல்லது பருத்தி விரிப்பு போட்டு, தினமும் ஈரத் துணியால் தரையைத் துடைத்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

விளையாட்டுப் பொருளில் சட்டம் ஓரளவு உதவுகிறது. ஐரோப்பா 1999-ல் தற்காலிகமாகவும் 2005-ல் நிரந்தரமாகவும், அமெரிக்கா 2008-ல், டிஇஎச்பி, டிபிபி, பிபிபி மூன்றையும் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார்கள். பலவீனமானது என்று நாம் பார்த்த டிஐஎன்பியையும் அமெரிக்கா 2017-ல் நிரந்தரத் தடையில் சேர்த்துவிட்டது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில், ரோட்டோரத்தில் கிடைக்கும் மெத்தென்ற, வாசனையடிக்கும், முத்திரை இல்லாத பொம்மைக்கும் முத்திரை உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பொம்மைக்கும் இடையே தேர்வு என்றால் யோசிக்கவே வேண்டாம். மரச் செப்பு கிடைத்தால் இரண்டையும்விட நல்லது, வாயில் வைத்துக் கடிப்பதற்கு என்றால் சாயம் பூசாதது.

மாத்திரை பற்றி ஒரு வரி. குடலில் போய்க் கரைய வேண்டிய சில மாத்திரைகளின் மேற்பூச்சில் டிபிபி சேர்ப்பதுண்டு, 2012-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைத் தவிர்க்கச் சொன்னது. தினமும் நீண்ட காலம் அப்படிப்பட்ட மாத்திரை எடுப்பவர் டாக்டரிடம் மாற்று கேட்கலாம், தானாக நிறுத்தக் கூடாது.

கடைசியாக மருத்துவமனை. அளவு என்று பார்த்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்கு ஒரே நேரத்தில் டிரிப்ஸ், ரத்தம், சுவாசக் குழாய், மூக்கு வழி பால் எல்லாம் மெத்தென்ற பிவிசி வழியாகப் போகலாம். கொழுப்புச் சத்துக் கரைசல் ஏற்றும்போது டியூப்பிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும். அமெரிக்க நச்சியல் திட்டத்தின் நிபுணர் குழு 2005-ல் இந்தக் குழந்தைகளில் ஆண் குழந்தைகளுக்குத்தான் ‘கடுமையான கவலை’ என்ற தன் மிக உயர்ந்த நிலையைக் கொடுத்தது.

இங்கே தேர்வு பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே இல்லை, டிஇஎச்பி உள்ள டியூப்புக்கும் இல்லாத டியூப்புக்கும் இடையே. மாற்றாக டிஓடிஎம், டிஐஎன்சிஎச், டிஓடிபி சேர்த்த பிவிசி இருக்கிறது, பாலியூரித்தேன், சிலிக்கோன் இருக்கிறது. டிஓடிபி கிரேயின் ஆய்வில் எலிகளை ஒன்றும் செய்யாத மூன்றில் ஒன்று என்பது எனக்கு அதன் மேல் நம்பிக்கை தருகிறது. பிரான்ஸ் 2015 ஜூலை முதல் குழந்தைகள், பச்சிளம் குழந்தைகள், மகப்பேறு பிரிவுகளில் டிஇஎச்பி டியூப்பைத் தடை செய்துவிட்டது. கலிஃபோர்னியா 2030-ல் சலைன் பைகளிலும் 2035-ல் டியூப்களிலும் நிறுத்தச் சட்டம் போட்டிருக்கிறது. ரத்தப் பை மட்டும் சிக்கலான விஷயம்: டிஇஎச்பி சிவப்பணுவின் சவ்வைக் காப்பாற்றி, ரத்தம் 42 நாள் வரை கெடாமல் இருக்க உதவுகிறது. அதை எடுத்தால் ரத்தம் சீக்கிரம் வீணாகும், ஐரோப்பாவே ரத்தப் பை உள்ளிட்ட மருத்துவக் கருவிகளுக்குக் கால அவகாசத்தை நீட்டித்திருக்கிறது.

பெற்றோராக நீங்கள் செய்யக்கூடியது, பிரசவத்துக்கு முன்பே, பதற்றமில்லாத நேரத்தில், ‘உங்கள் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் டிஇஎச்பி இல்லாத டியூப் இருக்கிறதா, கொழுப்புக் கரைசல் ஏற்றுவதற்காவது கிடைக்குமா’ என்று கேட்பது. பல பேர் கேட்டால் கொள்முதல் செய்பவர்கள் காதில் விழும். குழந்தைக்கு அவசரமாகச் சிகிச்சை தேவைப்படும் நேரத்தில் அந்த டியூப் இல்லையென்றால், இருக்கும் டியூப்பிலேயே ஏற்றச் சொல்லுங்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2002-ல் இந்த எச்சரிக்கையை வெளியிட்டபோதே, சிகிச்சையைத் தவிர்ப்பதன் ஆபத்து டிஇஎச்பியின் ஆபத்தைவிட மிகப் பெரியது என்று சேர்த்தே சொல்லியிருந்தது.